மேசை போலத் தெரியும் மலை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நீலகிரியைப் பற்றியவை. எனவே பக்கம் முழுவதையும் அந்த மாவட்டத்துக்கே கொடுத்துவிட்டோம்.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் நீலகிரியின் உச்சி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கிறது. மேலே போனால் ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்குச் சமதரை கிடைப்பதே அபூர்வம். பள்ளிப் புத்தகமோ பீடபூமி என்கிறது. எது உண்மை? – வாசகர், மேட்டுப்பாளையம்

நீங்கள் கண்டதும் உண்மை, புத்தகம் சொல்வதும் உண்மை. மேட்டுப்பாளையத்தில் நீங்கள் நிற்பது சுமார் 325 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து தெரிவது மலை முழுவதும் அல்ல, அதன் விளிம்பு மட்டும்தான். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து விளிம்பு ஏறக்குறைய ஒரே உயரத்தில் நீண்டு போகிறது. அதற்குப் பின்னால் இருப்பதை அதுவே மறைத்துவிடுகிறது. மாவட்டத்தின் உச்சியான தொட்டபெட்டா (2,637 மீட்டர்) உள்ளே தள்ளி நிற்பதால் அடிவாரத்துக்காரர்களுக்கு அது எடுப்பாகத் தெரிவதில்லை.

பீடபூமி என்றால் தரை சமமாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சுற்றிலும் செங்குத்தான சரிவு இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கம் அந்தச் சரிவோடு ஒப்பிட்டால் சிறியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் இலக்கணம். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து தொட்டபெட்டாவுக்கு ஏற்றம் 400 மீட்டர். மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம் 1,900 மீட்டர். ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே. மேலே நீங்கள் பார்ப்பவை உருண்டைத் தலைக் குன்றுகளும் அகலமான பள்ளத்தாக்குகளும்தான். படகர்கள் குன்றுக்குப் 'பெட்டா' என்றும் ஓடைக்கு 'ஹள்ளா' என்றும் சொல்வார்கள். ஒரு பெட்டா, அடுத்து ஒரு ஹள்ளா, மறுபடி ஒரு பெட்டா என்பதுதான் மேல்தளத்தின் அமைப்பு.

இன்னொன்று. மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,550 சதுர கிலோமீட்டர் என்றாலும் அத்தனையும் மேல்தளம் அல்ல. கூடலூரும் பந்தலூரும் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், வயநாட்டோடு ஒட்டிய கீழ்ப்படியில் இருக்கின்றன. வடக்கே மசினகுடி இருக்கும் சீகூர்ப் பகுதியும் அப்படியே. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கியும் நீங்கள் சமவெளிக்கு வந்துவிடுவதில்லை, கீழ்ப்படிக்குத்தான் வந்திருக்கிறீர்கள். தெற்கிலும் கிழக்கிலும் அந்த நடுப்படி கிடையாது, ஒரே இறக்கம். கோவைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மலை அவ்வளவு மிடுக்காகத் தெரிவது அதனால்தான்.

மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனிக்குப் போயிருந்தோம். அங்கே 'டேபிள் லேண்ட்' உண்மையிலேயே மேசை மாதிரி. நீலகிரியும் அப்படித்தான் உருவானதா? – வாசகி, தேனி

இல்லை. போட்டித் தேர்வு எழுதுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடமும் இதுதான்.

சாத்தாரா மாவட்டத்துப் பஞ்ச்கனி, தக்காண எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உறைந்த நிலம். அடுக்குகள் படுக்கைவாட்டில் கிடக்கின்றன. உச்சியில் லேட்டரைட், அதாவது செம்பாறை, ஒரு தொப்பி போல இறுகியிருக்கிறது. மழைநீர் அந்தத் தொப்பியை எளிதில் அரிக்க முடியாது. பக்கவாட்டில் இருக்கும் மென்மையான அடுக்கைத்தான் தின்னும். அடி குழியக் குழியத் தொப்பியின் ஓரம் பிடிமானமில்லாமல் உடைந்து விழும். அதனால் மேசை சுருங்கும், ஆனால் மேல்பக்கம் தட்டையாகவே இருக்கும். அகலம் உயரத்தைவிட அதிகமாக இருக்கும்வரை அது மேசைமலை. சுருங்கிச் சுருங்கி உயரம் அகலத்தை மிஞ்சிவிட்டால் தனித் தூண் போல நிற்கும். கடைசியில் அதுவும் சரியும். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்குப் பின்னால் நிற்கும் டேபிள் மவுண்டன் (1,086 மீட்டர்), வெனிசுவேலா–கயானா–பிரேசில் எல்லையில் இருக்கும் ரொராய்மா (2,810 மீட்டர்) ஆகியவையும் படுக்கை அடுக்குப் பாறைகளால் ஆனவையே. ஆனால் அவற்றில் எரிமலைக் குழம்புக்குப் பதில் மணற்பாறை.

நீலகிரியில் இந்த அடுக்கே கிடையாது. அடிமுதல் முடிவரை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. சென்னைக்காரர்கள் இதைப் பார்க்க ஊட்டிக்குப் போக வேண்டாம், பரங்கிமலையில் காலடியில் கிடப்பதும் இதே கல்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகை என்பதால் இந்தப் பெயர் வந்தது.

தொப்பி இல்லாத மலைக்குத் தட்டைத் தலை எப்படி வந்தது? புவியியலாளர்கள் பொதுவாகச் சொல்வது இது: முதலில் தாழ்ந்த நிலமாக இருந்தபோதே நெடுங்காலம் தேய்ந்து மேடுபள்ளம் குறைந்தது, பிறகு அந்தத் தேய்ந்த தரை அப்படியே மேலே தூக்கப்பட்டது. வடக்கே மோயாறு, தெற்கே பவானி என இரண்டு பக்கமும் பூமியோட்டில் பழைய நசுங்கல் மண்டலங்கள், அதாவது பாறை நொறுங்கிக் கிடக்கும் பட்டைகள், ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே தனித்து நிற்கும் பாளம்தான் நீலகிரி.

இதற்குச் சாட்சி மேலேயே இருக்கிறது. உச்சிப் பகுதிகளில் பல மீட்டர் ஆழத்துக்குப் பாறை மக்கிச் செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது. செங்குத்துச் சரிவில் மழை அந்த மண்ணை உடனுக்குடன் கழுவிவிடும். அவ்வளவு ஆழத்துக்கு மக்க நேரமே இருக்காது. இன்னொரு சாட்சி, சாண்டிநல்லா போன்ற இடங்களில் இருக்கும் கரிச் சதுப்புகள். தண்ணீர் ஓட மனமில்லாமல் தேங்கிய பள்ளங்களில், மட்காத புல்லும் வேரும் 20,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் படிந்து கிடக்கின்றன. அடுக்கு அடுக்காக அவற்றைத் தோண்டி எடுத்துத்தான் பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராய்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். வரைபடத்தைப் பார்த்து இது தட்டைத் தலை மலை என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள். – ஆசிரியை, திருச்சி

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டை, அதாவது நில அமைப்பு வரைபடத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். பழுப்பு நிறத்தில் ஓடுபவை ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள். நீலகிரிப் படங்களில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம். ஐந்துக்கு ஒன்று தடித்திருக்கும்.

தட்டைத் தலையின் அடையாளம், கோடுகள் ஓரத்தில் மொய்த்துக் கிடக்கும், நடுவில் ஆளே இல்லாத மைதானம் போல வெறிச்சோடும். கூம்பு மலையில் கோடுகள் உச்சிவரை ஒரே இடைவெளியில் போகும். சரிவை அளக்க ஸ்கேல் போதும்: 2 மில்லிமீட்டருக்குள் ஐந்து இடைவெளி இருந்தால் 100 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏற்றம், அதாவது 45 பாகை.

குறுக்குவெட்டு வரையச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே பென்சிலால் நேர்கோடு போடுங்கள். நேர்த் தூரம் ஏறக்குறைய 29 கிலோமீட்டர், தாளில் 58 சென்டிமீட்டர். நீளமான காகிதப் பட்டை ஒன்றின் ஓரத்தை அந்தக் கோட்டில் வைத்து, தடித்த கோடுகள் வெட்டும் இடத்தில் மட்டும் குறியிட்டு, பக்கத்தில் உயரத்தை எழுதச் சொல்லுங்கள். எல்லாக் கோட்டையும் குறித்தால் சரிவில் எண்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். பிறகு பட்டையைக் கட்டத்தாளின் அடிக்கோட்டில் வைத்து, ஒவ்வொரு குறிக்கும் நேர் மேலே அதன் உயரத்தில் புள்ளி வைத்து இணைக்க வேண்டும்.

தவறு நடப்பது செங்குத்து அளவில். படத்தின் அளவிலேயே உயரத்தையும் வரைந்தால் 2,300 மீட்டர் மலை 4.6 சென்டிமீட்டர்தான் வரும். 58 சென்டிமீட்டர் நீளத்துக்கு அது மலை மாதிரியே இருக்காது. கவர்ச்சிக்காக 1 சென்டிமீட்டருக்கு 50 மீட்டர் என்று வைத்தால் 46 சென்டிமீட்டர் சுவர் எழும்பி, மாணவர்கள் ரயில் எப்படி ஏறுகிறது என்று கேட்பார்கள். 1 சென்டிமீட்டருக்கு 250 மீட்டர் வையுங்கள். இரண்டு மடங்கு மிகைதான், கண்ணுக்கும் உறுத்தாது. மிகை எத்தனை மடங்கு என்பதைப் படத்தின் கீழே எழுதவைப்பது கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. கடைசிக் கோட்டுக்குள் வெற்றிடம் இருந்தாலே தட்டை என்று முடிவு கட்டக் கூடாது. 20 மீட்டருக்குக் குறைவான மேடு எந்தக் கோட்டிலும் பிடிபடாது. உள்ளே உயரப் புள்ளி ஏதும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, கடைசிக் கோட்டின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை என்று செய்தி வந்தது. அதே நேரம் கோத்தகிரியில் இருக்கும் உறவினர் 'தூறல்தான்' என்றார். ஒரே மாவட்டத்தில் இது எப்படி? – வாசகர், கோவை

விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து முதலில் முட்டுவது மேற்கே குந்தா மலைத்தொடரில். கேரளத் தாழ்வாரத்திலிருந்து அந்தச் சுவர் சட்டென்று 2,000 மீட்டருக்கு மேல் எழும்புகிறது. காற்று ஏறும் வேகத்தில் குளிர்ந்து, சுமந்து வந்ததை அங்கேயே கொட்டிவிடுகிறது. அவலாஞ்சி, அப்பர்பவானி எல்லாம் அந்த விளிம்புக்கு ஒட்டினாற்போல உள்ளே இருப்பவை. மிச்சத்தை நடுவில் நிற்கும் தொட்டபெட்டா தடுக்கிறது. கோத்தகிரிக்கு வரும்போது காற்று இறங்கு முகத்தில், காய்ந்து வரும்.

வடகிழக்குப் பருவத்தில் எல்லாம் தலைகீழ். 2009 நவம்பர் 10 அன்று தொட்டபெட்டாவின் அடியில் இருக்கும் கேத்தியில் 82 சென்டிமீட்டர் பதிவானது. அவலாஞ்சிக்கும் கேத்திக்கும் நேர்த் தூரம் சுமார் 20 கிலோமீட்டர். ஆனால் ஒன்றின் ஆபத்து மாதம் ஆகஸ்ட், மற்றதன் ஆபத்து மாதம் நவம்பர். 'நீலகிரியில் கனமழை' என்று டி.வி.யில் ஓடும்போது எந்த வட்டம் என்று கேட்காமல் பயணத்தை ரத்து செய்வதும் வீண், கிளம்புவதும் ஆபத்து.

சீகூருக்கு இரண்டு காற்றிலும் பங்கு குறைவு. அங்கே முள்காடு இருப்பதன் காரணம் அது.

தொட்டபெட்டாதான் உயரம். ஆனால் உறைபனி படம் எல்லாம் தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் எடுக்கிறார்களே? – கல்லூரி மாணவர், ஈரோடு

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலப் பள்ளத்தை நாடி ஓடும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் புல்தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் சில்லிட்டு, குன்றுச் சரிவில் வழிந்து பள்ளத்தில் குளம் கட்டுகிறது. மேல்தளத்துப் பள்ளத்தாக்குகளின் வாய் குறுகல், சரிவு மெல்லியது. வந்த குளிர் வெளியேறுவதில்லை. தொட்டபெட்டாவில் காற்று வீசிக்கொண்டே இருக்கும், உண்டான குளிரும் கீழே வழிந்துவிடும்.

நவம்பரில் முதலில் வருவதை ஊட்டியில் நீர்ப்பனி என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் அது உறைபனியாகும். செய்தியில் 3 டிகிரி என்று வந்த நாளிலும் புல்லில் வெள்ளை படிந்திருப்பது முரண் அல்ல. வானிலை நிலையத் தெர்மாமீட்டர் தரைக்கு ஒரு மீட்டருக்கு மேல் பெட்டிக்குள் இருக்கிறது, புல் நுனியோ சுழியத்துக்குக் கீழே போயிருக்கும்.

தேயிலையும் மலைக்காய்கறியும் போட்டிருப்பவர்களுக்கு: பொழுது சாயுமுன் மூட வேண்டும், விடிந்து மூடிப் பயனில்லை. ஊட்டிப் பூங்காவில் நாற்றுகளுக்குக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைச் செருகி மறைப்பதைப் பார்த்திருப்பீர்கள்; சுள்ளியும் இலையும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும், காற்றும் புகும். பிளாஸ்டிக் தாள் போட்டால் இலையில் ஒட்டாமல் குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள். ஒட்டிய இடமெல்லாம் கருகும். தோட்டத்தின் கீழ் ஓரத்தில் அடர்த்தியாக வேலி வைத்திருந்தால் நடுவே இடைவெளி விடுங்கள், இல்லையேல் வேலியே குளிருக்கு அணையாகிவிடும். கிழக்குப் பார்த்த சரிவில் சேதம் அதிகம். உறைந்த இலைமேல் விடிந்ததும் வெயில் நேராக விழுவதால் திசு சட்டென்று உருகிச் சிதைகிறது. வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பது அதற்குத்தான்.

மோயாறு எங்கே தொடங்குகிறது? பவானிசாகரில் சேர்வது மட்டும் தெரியும். – வாசகர், சத்தியமங்கலம்

முக்குருத்திச் சிகரத்துப் பக்கம் பைக்காரா ஆறாகத் தொடங்கி, மேல்தளத்தில் நிதானமாக வடக்கே வந்து, விளிம்பில் விழுந்து, அடியில் பெயர் மாறி மோயாறு ஆகிறது. அங்கிருந்து சீகூருக்கும் கர்நாடக மேட்டுக்கும் நடுவே செங்குத்துப் பிளவில் கிழக்கே ஓடுகிறது. அந்தப் பிளவு இவ்வளவு நேராகப் போவதற்குக் காரணம் முன்பு சொன்ன நசுங்கல் மண்டலம். நொறுங்கிய பாறையை ஆறு எளிதாக அறுத்துக்கொண்டது. பவானியும் மேற்கு விளிம்பில் பிறந்ததுதான். அது தெற்கே இறங்கி, கேரளத்துக்குள் போய், திரும்பிக் கிழக்கே வருகிறது. ஒரே மலையில் பிறந்த இரண்டும் மலையை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வந்து உங்கள் ஊர் அணையில் சந்திக்கின்றன.

அந்த விழும் இடத்தின் மதிப்பை 1932-லேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். பைக்காரா நீரைக் கிளன்மார்கனிலிருந்து குழாயில் சிங்காராவுக்கு இறக்கும் மின்நிலையம் அந்த ஆண்டு ஓடத் தொடங்கியது. வீழ்ச்சி 900 மீட்டருக்கு மேல். வினாடிக்கு 1 கன மீட்டர் தண்ணீர் 900 மீட்டர் விழுந்தால், இழப்பெல்லாம் போக, சுமார் 7.5 மெகாவாட் கிடைக்கும். 30 மீட்டர் உயரமே உள்ள அணையில் இதை எடுக்க முப்பது மடங்கு தண்ணீர் வேண்டும்.

குன்னூர் அருகே சரிவில் வீடு கட்டப் போகிறோம். மண்சரிவுக்கு என்ன முன்னெச்சரிக்கை? – வாசகி, திருப்பூர்

மேல்தளம் நெடுங்காலம் மக்கியது என்றோமே, அந்த ஆழமான மண்தான் இங்கே வில்லன். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே ஊடுருவ முடியாத பாறையில் தேங்கி, அந்தச் சந்தில் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஊறிய மண்ணின் எடையும் கூடும். அப்போது கீழே யாரோ வீட்டுக்காகவோ சாலைக்காகவோ சரிவின் பாதத்தை வெட்டி வைத்திருந்தால் மேலே இருப்பதற்குத் தாங்கல் இல்லை.

மனை வாங்குமுன் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மரங்களின் அடிப்பகுதி வளைந்து மேலே நிமிர்ந்திருப்பது, மேல்பக்கம் பிறை வடிவில் வெடிப்பு, தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு மனை பாருங்கள். மண் அள்ளும் இயந்திரத்துக்கு அங்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்; அதை முதலில் வாங்குங்கள்.

தடுப்புச்சுவர் கட்டுபவர்கள் செலவைக் குறைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில். சுவரில் ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு ஒரு நீர்வடி குழாய், 3 அங்குல அளவில், வெளிப்பக்கம் சற்றே சாய்வாக வையுங்கள். குழாய்க்குப் பின்னால் ஒரு அடிக்குக் குறையாமல் ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லி இல்லாத குழாய் இரண்டே மழையில் களிமண்ணால் அடைபடும். அதன்பின் சுவர் மண்ணோடு சேர்த்துத் தண்ணீரையும் தாங்க வேண்டும், அதற்காக அதைக் கட்டவில்லை. வெட்டிய இடத்துக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் எடுத்து மழைநீரை ஓடைக்குத் திருப்புங்கள். கழிவுநீர் உறிஞ்சுகுழியை மட்டும் வீட்டுக்கு மேல்சரிவில் தோண்டாதீர்கள். வெயில் காலத்திலும் சரிவை ஊறவைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு அது.

எங்கள் நுவரெலியா மாவட்டத்திலும் இப்படிப் பீடபூமி உண்டா? – வாசகர், ஹட்டன், இலங்கை

ஹோட்டன் சமவெளிதான். 2,100 மீட்டருக்கு மேல் கிடக்கும் புல்வெளி. நுவரெலியா நகரைவிட (1,868 மீட்டர்) உயரம். தெற்கு ஓரத்தில் 'உலக முடிவு' என்னும் இடத்தில் தரை ஒரேயடியாகச் சுமார் 870 மீட்டர் அறுந்து விழுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கே தலைநீர் உண்டு. நீலகிரியைப் போலவே பழைய உருமாறிய பாறை, சோலை–புல்வெளி கலந்த நிலம். முடிவைப் பார்க்கக் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பிறகு பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும்.

ஊட்டியில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதே? – வாசகி, சென்னை

2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 76 சதவீதம்தான். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பைக் கூட்டினால் ஆவி அதிகமாகுமே தவிரச் சூடு ஏறாது. குக்கரில் வையுங்கள். அதிலும் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளே சென்னையைவிடச் சுமார் நான்கு டிகிரி குறைவாகத்தான் இருக்கும். ஊறவைத்த பருப்புக்கு இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.